இரண்டு பெரட்டுகள்

நாட்டின் பெருநாள் வந்துற்றால் படைகள் அணிவகுத்துச் செல்லும் காட்சியைக் காண மக்கள் திரள்வது உலக வழக்கு. மலேசியாவில் ஆகஸ்டு 31-ந் தேதியும், சிங்கப்பூரில் ஆகஸ்டு 9-ந் தேதியும் அத்தகைய காட்சியை நாம் காண்கிறோம். வாத்திய முழக்கமும், வண்ணக் கொடிகளும், ஒரே அடியாய்ப் பெயரும் ஆயிரம் கால்களும் சிறுவரைத் துள்ளச் செய்கின்றன. முதியோரைச் சிந்திக்கச் செய்கின்றன. ஒரு நாடு தன் மக்களுள் யார் யாரை நினைவில் வைத்திருக்கிறது என்பதை அந்த ஒரு நாளில் கண்முன்னே நடத்திக் காட்டுகிறது. ஆதலின், அணியில் நடந்து செல்வோர் யார் என்பதைப் போலவே, ஓரத்தில் நின்று பார்ப்போர் யார் என்பதும் சரித்திரத்தைச் சேர்ந்த செய்தியே யாகும்.

அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் தோட்டத் தமிழர் வாயில் நெடுங்காலமாகப் பழகி வந்த ஒன்று. விடியுமுன் மணியோசை கேட்டதும் லயங்களினின்று ஆணும் பெண்ணும் ஓடிவந்து வரிசையில் நிற்பதற்குப் 'பெரட்டு' என்று பெயர். 'பரேடு' என்பதன் திரிபே அது. கங்காணி தலைகளை எண்ணுவார். கிராணி பெயரைக் குறிப்பார். இன்ன நிரையில் இன்னார் பால் வெட்டவேண்டும் என்று கட்டளை பிறக்கும். வரத் தவறியவனுக்கு அன்றைய கூலி இல்லை. ஆகவே, நம் தோட்டத்து மனிதன் அறிந்த முதல் அணிவகுப்பு, அவனைக் கூலி என்று எண்ணிய அணிவகுப்பே. அவன் அறிந்த இரண்டாவது அணிவகுப்பு 1943-ம் ஆண்டில் வந்தது. அவ்விரண்டுக்கும் நடுவே அவனுக்கு நேர்ந்த மாறுதல் யாது என்பதே இங்கு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

மாறுதலின் வித்து அதற்கு முன்னரே ஊன்றப்பட்டிருந்தது என்பதை மறத்தலாகாது. 1941-ம் ஆண்டு மார்ச்சு முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலை நிறுத்தம் தீப்போற் பரவிற்று. ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற அக்கிளர்ச்சியின் கோரிக்கைகள் இன்றும் படிக்கத்தக்கவை. சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி வேண்டும். கொடுமை செய்யும் அதிகாரிகளை நீக்கவேண்டும். பெண்களிடம் முறைகேடாக நடத்தல் ஒழியவேண்டும். கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பன அவற்றுட் சில. இவற்றோடு மற்றொன்றும் இருந்தது. துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் தொழிலாளி சைக்கிளை விட்டிறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கம் தொலையவேண்டும் என்பதே அது. கூலி உயர்வைக் கேட்டது பசி. சைக்கிளை விட்டிறங்க மறுத்தது தன்மானம். சர்க்கார் படையை அனுப்பிற்று. துப்பாக்கிச் சூட்டில் 5 பேர் மாண்டனர். நாதன் நாடு கடத்தப்பட்டார். கிளர்ச்சி அடங்கிற்று, அதனை எழுப்பிய உணர்ச்சி அடங்கவில்லை.

அவ்வாண்டு டிசம்பர் 8-ந் தேதி ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 1942-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. வெல்லற்கரியர் என்று எண்ணப்பட்ட துரைமார், தோட்டங்களை விட்டு ஓடியதை நம்மவர் கண்ணாரக் கண்டனர். அச்சம் ஒன்று அன்று நீங்கிற்று. ஆனால் அதனினும் பெரிய துன்பம் வந்து சூழ்ந்தது. ரப்பர் விலைபோகவில்லை. அரிசி அரிதாயிற்று. மரவள்ளிக் கிழங்கே உணவு, சாக்கே உடை என்ற நிலை வந்தது. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ரயில் பாதை போட மலாயாவிலிருந்து 70,000-க்கு மேற்பட்ட தொழிலாளரை ஜப்பானியர் கொண்டு சென்றனர். அவருட் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். 1943-ம் ஆண்டு அக்டோபரில் பாதை முடிந்தது. போனவர்களிற் பல்லாயிரவர் காலராவுக்கும், காய்ச்சலுக்கும், அடிக்கும், பசிக்கும் இரையாகித் திரும்பாமலே போயினர்.

இத்துயரங்களுக்கிடையேதான் இந்திய தேசிய ராணுவம் எழுந்தது. 1942-ம் ஆண்டு பிப்ரவரி 17-ந் தேதி சிங்கப்பூர் பேரர் பார்க் திடலில் இந்தியப் போர்க் கைதிகள் ஒன்றுகூட்டப்பட்டனர். காப்டன் மோகன் சிங் தலைமையில் தோன்றிய அம்முதற்படை, ஜப்பானியரோடு கொண்ட பிணக்கினால் அவ்வாண்டு டிசம்பரிலேயே கலைந்தது. அதற்கு மறுவாழ்வு அளித்தவர் சுபாஷ் சந்திர போஸ். அவர் 1943-ம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி சிங்கப்பூர் வந்தார். 4-ந் தேதி காத்தே மண்டபத்தில் தலைமை ஏற்றார். 5-ந் தேதி நகர மண்டபத்தின் முன்னுள்ள பாடாங் திடலில் படையைப் பார்வையிட்டார். 9-ந் தேதி அதே திடலில் கூடிய பெருங்கூட்டத்தில் 3 லட்சம் வீரரும் 3 கோடி வெள்ளியும் வேண்டும் என்று கேட்டார்.

அதுகாறும் பட்டாளம் என்பது வடநாட்டுப் போர்க்குலத்தார்க்கே உரியதென்பது ஆங்கில சர்க்காரின் கொள்கையாயிருந்தது. தமிழ்க் கூலியின் கையில் துப்பாக்கி கொடுக்கலாம் என்று எவரும் கனவிலும் எண்ணியதில்லை. அந்த ஆண்டில் மலாயாவின் குடிமக்களிலிருந்து ஏறத்தாழ 18,000 பேர் படையிற் சேர்ந்தனர் என்பர் சரித்திர ஆசிரியர். அவருட் பெருந்தொகையினர் தோட்டத் தமிழர். பாலுளி பிடித்த கைகள் துப்பாக்கி பிடித்தன. பிடாதாரியிலும், சிலேத்தாரிலும், சிரம்பானிலும், வேறு இடங்களிலும் இருந்த முகாம்களில் விடியற்காலையில் மறுபடியும் ஒரு பெரட்டு நடந்தது. அதில் தலை எண்ணும் கங்காணி இல்லை.

அம்முகாம்களில் நிகழ்ந்தவற்றுள் நம் சமூகத்துக்கு மிகவும் முக்கியமானது போர்ப் பயிற்சியன்று, சமையற்கூடமே. இந்து, முஸ்லிம், சீக்கியர், கிறிஸ்தவர், மேற்சாதி, கீழ்ச்சாதி என்ற பேதமின்றி ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே பந்தியில் உண்ணும் வழக்கம் அங்கு நிலவிற்று. சிங்கப்பூர் டேங்க் ரோடு செட்டியார் கோயிலுக்கு நேதாஜியை அழைத்தபோது, எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் உடன் வரலாம் என்றாலன்றி வாரேன் என்று அவர் கூறினார். கோயிலார் அதற்கு இசைந்தனர். முஸ்லிம் அதிகாரியான ஆபித் ஹஸன் உள்ளிட்ட தோழருடன் அவர் உள்ளே சென்றார். ஊருக்கு ஊர் சீர்திருத்தச் சங்கங்கள் ஆண்டுக்கணக்காகச் சொற்பொழிவாற்றிச் சாதிக்க முயன்ற காரியத்தை, பசித்த வீரரின் பந்தி ஒரே வாரத்திற் செய்து முடித்தது.

பெண்மக்கள் விஷயத்தில் நேர்ந்த மாறுதல் இதனினும் வியக்கத்தக்கது. சென்னையிற் பிறந்து சிங்கப்பூரில் மருத்துவம் புரிந்துவந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில், 1943-ம் ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி ஜான்சி ராணிப் படையின் முகாம் சிங்கப்பூரில் திறக்கப்பட்டது. அதிற் சேர்ந்தோருட் பலர் பள்ளியின் வாயிலையும் மிதித்தறியாத தோட்டத்துப் பெண்கள். கோலாலம்பூரில் வசதியான குடும்பத்திற் பிறந்த ஜானகி தேவர் போன்றாரும், வெளிக்காட்டுக் கூலியான பெண்ணும் ஒரே சீருடை உடுத்து, ஒரே பயிற்சி பெற்றனர். அப்பெண்கள் பர்மாவரை சென்றனர். 1945-ம் ஆண்டு ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது, நேதாஜி அவர்களுடன் மழையிலும் சேற்றிலும் நடந்தே வந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி.

நேதாஜி படையைப் பார்வையிட்ட அதே பாடாங் திடலிலேதான் 1966-ம் ஆண்டு சிங்கப்பூரின் முதல் தேசிய தின அணிவகுப்பும் நடந்தது. 1995-ம் ஆண்டு ஆகஸ்டு 9-ந் தேதி, முப்பதாண்டு நிறைவு விழாவும் அங்கேயே நடைபெற்றது. அன்று திடலுக்கு அப்பால், மரத்தடியில் நின்ற கூட்டத்தில் ஒரு முதியவரைச் சந்திக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. வெள்ளைச் சட்டையும் வேட்டியும் அணிந்து, கையிற் குடை ஒன்றை ஊன்றி நின்றார். படைகளுக்குக் கட்டளை பிறந்த போதெல்லாம் அவருடைய குதிகால்கள் தாமாகவே ஒன்று சேர்ந்தன. அதனைக் கண்டு, "ஐயா பட்டாளத்தில் இருந்தவரோ?" என்று வினவினோம்.

"இருந்தேன், தம்பி. இந்தப் பட்டாளத்தில் அன்று, அந்தப் பட்டாளத்தில்" என்றார்.

ஜொகூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர் அவர். பதினேழாம் வயதிற் படையிற் சேர்ந்தாராம். நாட்டுப்பற்றினாற் சேர்ந்தீரோ என்று கேட்டதற்கு அவர் நகைத்தார். "பொய் சொல்லக்கூடாது, தம்பி. சயாமுக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று கேட்டுப் பயந்து ஓடிப்போய்ச் சேர்ந்தேன். அங்கே சோறு போடுவார்கள் என்றும் சொன்னார்கள். நாட்டுப்பற்றெல்லாம் பிறகு வந்தது. முதல் நாள் பந்தியில் என் பக்கத்தில் ஒரு பஞ்சாபி அவில்தார் உட்கார்ந்து, தம் ரொட்டியைப் பிட்டு என் தட்டில் வைத்தார். எங்கள் தோட்டத்திலே என் அப்பாவுக்குக் கடைத்திண்ணையில் கொட்டாங்கச்சியில்தான் தேத்தண்ணீர் கொடுத்தார்கள். அன்று எனக்கு இந்தியா எது என்று தெரியாது. அந்த ரொட்டித் துண்டுதான் எனக்கு இந்தியா."

நாம் மற்றொன்றும் கேட்கவேண்டியிருந்தது. நம் மக்களைச் சயாமிற் கொன்ற ஜப்பானியரோடு ஒரே அணியில் நின்றது தகுமா? சிங்கப்பூர் வீழ்ந்த பின், சீன மக்களைக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுபோய்ச் சுட்டனரே. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நிறைந்த இத்திடலில், அப்படையின் பெயரைப் பெருமையாகச் சொல்லல் ஆகுமா? இவ்வினாவை எழுப்பாமல் இந்தச் சரித்திரத்தை எழுதுவது நேர்மையாகாது.

பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "எங்கள் தோட்டத்துக்கு அரிசி கடன் கொடுத்த சீனக் கடைக்காரர் ஒருவர் இருந்தார். பிப்ரவரி மாதம் கூட்டிப் போனார்கள், திரும்பவில்லை. அவர் கணக்குப் புத்தகத்தில் என் அப்பாவின் கடன் அப்படியே நின்றது. அந்தக் கடனை நான் யாரிடம் போய்த் தீர்ப்பது? ஜப்பான்காரன் நல்லவன் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் கையில் இருந்த துப்பாக்கி யார் கொடுத்தது என்றும் எனக்குத் தெரியும். ஆனால் அதைப் பிடித்து நிமிர்ந்து நின்றபோது நான் முதன்முதலாக மனிதனாக நின்றேன். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைத்தால் அது பொய்" என்றார்.

படித்தவர் பலர் பல பக்கங்களில் எழுதியும் தெளிவுறாத பொருளைக் கல்லாத பெரியவர் ஒருவர் தெளிவுறக் கூறிவிட்டார் என்றே நமக்குத் தோன்றிற்று. ஒரு சாரார் இப்படையைக் குற்றமற்ற காவியமாகப் பாடுகின்றனர். மற்றொரு சாரார் ஜப்பானியரின் கைப்பாவை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகின்றனர். இருவரும் தோட்டத்து மனிதனைக் காணவில்லை. அவன் டோக்கியோவின் திட்டத்தையும் அறியான், லண்டனின் திட்டத்தையும் அறியான். பசிக்கும் சாவுக்கும் நடுவே திறந்திருந்த ஒரு வாயிலில் நுழைந்தான். உள்ளே தான் எதிர்பாராத ஒன்றைக் கண்டெடுத்தான்.

போரில் அப்படை தோற்றது. 1944-ம் ஆண்டு மார்ச்சில் தொடங்கிய இம்பால் படையெடுப்பு ஜூலையில் மழையிலும் பட்டினியிலும் கரைந்தது. 1945-ம் ஆண்டு ஐராவதிக் கரையிலும் போப்பா மலையிலும் நடந்த இறுதிப் போர்களும் தோல்வியிலேயே முடிந்தன. ஆனால் அவ்வாண்டு நவம்பரில் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவரையும் டில்லிச் செங்கோட்டையில் நிறுத்தி விசாரித்தபோது இந்தியா முழுவதும் கொந்தளித்தது. ஆங்கிலேயர் அவர்களை விடுவிக்க நேர்ந்தது. இதனை நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். மலாயாவில் அத்தோல்வியின் பின் விளைந்த வெற்றியை அறிந்தோர் சிலரே.

போருக்குப்பின் தோட்டங்களுக்குத் திரும்பிய துரைமார், தாம் விட்டுப்போன பழைய கூலியைக் காணவில்லை. முகாமிற் பயின்ற ஒழுங்கும், கூடிநிற்கும் பழக்கமும் லயங்களுக்குள் வந்திருந்தன. கெடாவில் தொண்டர் படை என்ற பெயரால் இளைஞர் திரண்டு, கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். 1947-ம் ஆண்டு பீடோங் பகுதியிற் போலீசாரோடு மோதல் நேரும் அளவுக்கு அவ்வியக்கம் வலுப்பெற்றிருந்தது. படையிற் பயிற்சியாளராயிருந்த எஸ். ஏ. கணபதி, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். 1949-ம் ஆண்டு மே 4-ந் தேதி தூக்கிலிடப்பட்டார். சுதந்திர இயக்கத்திற் பங்கு கொண்ட ஜான் திவி 1946-ம் ஆண்டு தோன்றிய மலாயா இந்தியக் காங்கிரசின் முதல் தலைவரானார். ஜானகி அம்மையாரும் அதனைத் தோற்றுவித்தோருள் ஒருவர். பிற்காலத்தில் ஆதி நாகப்பனை மணந்து, மேலவையிலும் இடம் பெற்றார். இந்தியாவை விடுவிக்கப் புறப்பட்ட படை, மலாயாத் தோட்டத்தின் லயங்களிலே தன் வேலையைச் செய்து முடித்தது எனலாம்.

எனினும் அவ்வீரரின் நிலை இரங்கத்தக்கதே. கண்ணாற் காணாத நாட்டுக்காகப் போர் புரிந்தவர் அவர். இந்தியா விடுதலை பெற்றபோது இந்தியாவில் இல்லை. வாழ்ந்த நாடு விடுதலை பெற்றபோது, அவர் புரிந்த போர் அந்நாட்டின் போராக எண்ணப்படவுமில்லை. 1945-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி, மாண்ட வீரர்க்காகச் சிங்கப்பூர்க் கடலோரத்தில் நினைவுச் சின்னம் ஒன்றுக்கு நேதாஜி அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்ற மூன்று சொற்கள் அதிற் பொறிக்கப்பட்டன. செப்டம்பரில் திரும்பி வந்த ஆங்கிலேயர் அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். ஐம்பதாண்டு கழித்து, 1995-ல், அவ்விடத்தில் அடையாளப் பலகை ஒன்று சிங்கப்பூர் சர்க்காரால் நிறுவப்பட்டது. தகர்த்த கல்லுக்கு ஒரு பலகை கிடைத்தது. பெயரில்லாமல் மறைந்த மனிதர்க்கோ?

இங்குதான் நம் கடமை தொடங்குகிறது. படைத்தலைவர்களைப்பற்றி நூல்கள் உள. அதிகாரிகள் தம் வரலாறுகளைத் தாமே எழுதினர். பால் வெட்டுக் காட்டிலிருந்து சென்ற சிப்பாய்க்கு எழுதக் கை பழகவில்லை. கேட்க ஆளும் வாய்க்கவில்லை. 1979-ல் தொடங்கிய சிங்கப்பூர் வாய்மொழி வரலாற்று நிலையம் ஜப்பானியர் காலத்து நினைவுகள் பலவற்றைப் பதிவு செய்து காத்து வருகிறது, நன்று. ஆனால் ஒரு சர்க்கார் நிலையம் ஒவ்வொரு லயத்தின் கதவையும் தட்ட முடியாது. 1943-ல் பதினாறு வயதினராயிருந்தவர் இன்று நூறாண்டை அணுகியவர். பெரும்பாலோர் மறைந்துவிட்டனர். தோட்டங்களும் துண்டாடப்பட்டு, வீடமைப்புக் குடியிருப்புகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிவிட்டன. லயம் இடிந்தால், அதன் சுவரில் தொங்கிய படமும் குப்பைக்குப் போகிறது.

ஆதலால் அன்பர்களே, அவரவர் குடும்பத்தில் தேடிப் பாருங்கள். தாத்தாவின் பழைய பெட்டியில் மங்கிய புகைப்படம் ஒன்று இருக்கலாம். பாட்டியார் அடுக்களையிற் பாடும் நடைப்பாட்டு ஒன்று முகாமிற் கற்றதாயிருக்கலாம். அவருடைய பெயர் என்ன, தந்தை பெயர் என்ன, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, எந்த முகாம், உடன் சென்றோர் யார், திரும்பாதோர் யார் என்ற ஏழு வினாக்களுக்கு விடை எழுதி வைத்தாலே போதும். அலங்காரம் வேண்டுவதில்லை. பயந்து சேர்ந்தவர் பயந்து சேர்ந்தார் என்றே எழுதுங்கள். முகாமை விட்டு ஓடிவந்தவர் ஓடிவந்தார் என்றே எழுதுங்கள். சயாமிற் போய் மாண்டவர் பெயரையும் அதே ஏட்டில் எழுதுங்கள். ஒரே லயத்திலிருந்து ஒரு சகோதரன் படைக்கும் மற்றொரு சகோதரன் ரயில் பாதைக்கும் போன குடும்பங்கள் உண்டு. தேசிய ஆவணக் காப்பகங்களுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். ஊர்ச் சங்கத்தில் ஒரு பிரதி வையுங்கள்.

முதற்பெரட்டில் நம் முன்னோரின் பெயரைக் கிராணி எழுதினார், கூலி கணக்கிடுவதற்காக. அந்தப் பேரேடுகள் கரையான் அரித்துப் போயின. இரண்டாவது பெரட்டில் அவர்கள் தாமாகவே முன்வந்து பெயர் கொடுத்தனர். அந்தப் பெயர்களையேனும் நம் பிள்ளைகள், தம் கையால், தமிழில் எழுதி வைப்பார்களாக.